நின்றே வேலை பார்ப்பவர்களின் கால் காய்ப்பு: கேள்வி பதில்

சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைப் பல வருடம் கவனித்து ஓய்வு பெற்ற செவிலியர் பதில் சொல்கிறார்.

ராமநாதபுரம், ஜவுளிக்கடை: முன்பாதத்தில் காய்ப்பு. கல்லில் தேய்த்தாலும் திரும்ப வருகிறது.

வரத்தான் செய்யும். அழுத்தமும் உராய்வும் விழும் இடத்தில் தோல் தடிக்கும். உங்கள் செருப்பைக் கழற்றிப் பாருங்கள். பள்ளம் விழுந்த இடமும் காய்ப்பும் ஒன்றாக இருக்கும். ஹவாய் செருப்பு கழன்றுவிடாமல் விரல்கள் இடுக்கிப் பிடிக்கின்றன, முன்பாதத்துக்கு வேலை கூடுகிறது. பின்வார் வைத்தது, அடி கெட்டியாக, உள்ளே மெத்தென்று இருப்பது வாங்குங்கள். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும், அப்போது போட்டுப் பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் மிச்சம் இருக்க வேண்டும். இரவில் வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்து யூரியா களிம்பு பூசலாம், விரலிடுக்கில் வேண்டாம்.

அப்புறம், முதலாளியிடம் இருக்கை கேளுங்கள். 2021இல் திருத்திய தமிழ்நாடு கடைகள் சட்டப்படி ஊழியர்கள் உட்கார வசதி செய்து தர வேண்டும்.

மண்டபம், இறால் கம்பெனி: சித்தப்பா பிளேடால் சீவி விடுகிறார். சரியா அக்கா?

கூடாது. முதலில் இரண்டு பேரும் சர்க்கரை பாருங்கள்.

பாம்பன்: இது ஆணியா, மருவா?

நேராக அழுத்தினால் வலிப்பது பெரும்பாலும் ஆணி. இரு பக்கமும் கிள்ளினால் வலித்து, உள்ளே கரும்புள்ளிகள் தெரிந்தால் மருவாக இருக்கலாம். மரு வைரஸால் வருவது, செருப்பை மாற்றிப் பயனில்லை.

தொண்டி: ஆணிக்குப் போடும் கார்ன் பிளாஸ்டர் ஒட்டலாமா?

அதிலிருக்கும் சாலிசிலிக் அமிலம் நல்ல தோலையும் அரிக்கும். சர்க்கரை இருந்தால் தொடவே வேண்டாம்.

வாலிநோக்கம், உப்பளம்: எங்கள் தாத்தா கடைசிவரை வெறுங்கால்தான். செருப்பு வந்தபிறகுதான் இத்தனை நோய்.

பாதி ஒத்துக்கொள்கிறேன் அண்ணே. செருப்பு போட்டு வளர்ந்த பிள்ளைகளிடம் தட்டைப் பாதம் அதிகம் என்று இந்தியாவில் 2300 குழந்தைகளைப் பார்த்து 1992இல் எழுதினார்கள். வெறுங்காலில் நடந்து தடித்த தோல் தரையை உணரும் திறனைக் குறைப்பதில்லை என்று கென்யாவில் நடந்த ஆய்வு 2019இல் வந்தது. ஆனால் அது நடக்கிற கால். உங்கள் கால் உப்புத் தண்ணீரில் ஊறி வெடிக்கிற கால்.

அதே அண்ணன்: அப்போ ஆராய்ச்சியும் என் பக்கம்தானே?

பாம்பன், பாசி எடுப்பவர்: தாத்தாவை எங்களோடு ஒருநாள் பாறையில் இறங்கச் சொல்லுங்கள். நாங்கள் காலில் துணி சுற்றாமல் போவதில்லை.

பாசி எடுக்கும் அக்கா சொன்னதே என் பதில். அண்ணே, தாத்தாவுக்குச் சர்க்கரை இருந்ததா? இருந்தால் கால் மரத்துப்போகும், கிளிஞ்சல் கிழித்தாலும் தெரியாது. வெடிப்பில் ரத்தம் கசிந்தால் பாத்தியில் இறங்காதீர்கள்.

கீழக்கரை, டீக்கடை: பிளேடை வெந்நீரில் கொதிக்க வைத்தால்?

கொதித்த பிளேடும் பிளேடுதான். மண்டபத்துக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

தேவிபட்டினம்: அம்மாவுக்குச் சர்க்கரை. காய்ப்புக்கு அடியில் கறுத்திருக்கிறது, வலி இல்லை. எந்தச் செருப்பு வாங்கலாம்?

செருப்பு பிறகு. காய்ப்புக்கு அடியில் புண் இருக்கக்கூடும், வலி இல்லாததுதான் எனக்குப் பயம். இன்றே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். ஆறிய பிறகு, சர்க்கரை நோயாளிகளுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு (எம்சிஆர்) பற்றி அங்கேயே கேளுங்கள்.