சேவல் இல்லாமல் கோழி எப்படி முட்டையிடுகிறது? ஏழாவது படிக்கும் மகளுக்கு எப்படி விளக்குவது?

சேவலே இல்லாத பண்ணையில் கோழி எப்படி முட்டை போடுகிறது என்று மகள் கேட்டாள், விலங்குகளின் இனப்பெருக்கத்தை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் கேட்டதிலிருந்தே தொடங்குங்கள். குடியாத்தத்தில் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அறிவியல் டியூஷன் எடுக்கிறேன். ஆடு, கோழி பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதில் கூச்சம் இருப்பதில்லை, தயங்குவது பெரியவர்கள்தான். விந்தணு, கருமுட்டை, கருவுறுதல் என்று பாடநூலில் உள்ள சொற்களையே தயங்காமல் சொல்லுங்கள்.

முட்டையின் மஞ்சள் கருதான் கோழியின் கருமுட்டை. அது முதிர்ந்ததும் சினைப்பையை விட்டு இறங்கும். வழியில் வெள்ளைக் கரு சேரும், கடைசியில் ஓடு படியும். எல்லாம் முடிந்து வெளியே வர ஏறக்குறைய ஒரு நாள். இதற்குச் சேவல் வேண்டியதில்லை. கடையில் வாங்கும் பண்ணை முட்டை இப்படி வந்ததுதான், அதை எத்தனை நாள் அடை வைத்தாலும் குஞ்சு வராது. குஞ்சு வேண்டுமென்றால், வெள்ளைக் கரு சேர்வதற்கு முன்பே சேவலின் விந்தணு மஞ்சள் கருவைச் சேர்ந்திருக்க வேண்டும். சேவல் தினமும் சேர வேண்டும் என்பதில்லை. விந்தணு கோழியின் உடலுக்குள்ளேயே பல நாள் உயிரோடு இருக்கும். வீட்டில் நாட்டுக்கோழி அடையில் இருந்தால் ஏழாம் நாள் இரவு ஒரு முட்டையை டார்ச் வெளிச்சத்தில் காட்டுங்கள். கருவுற்றதில் மெல்லிய ரத்த நாளங்கள் தெரியும், கூமுட்டை வெறுமையாக இருக்கும். 21 நாளில் குஞ்சு பொரிக்கும்போது அவளே மீதியைக் கேட்பாள்.

அப்புறம் தவளைக்குப் போங்கள். மழையில் ஏரி நிறைந்ததும் பெண் தவளை தண்ணீரில் முட்டைகளை விடும், அதன் முதுகைப் பற்றியிருக்கும் ஆண் அவற்றின் மேல் விந்தணுவை விடும். கருவுறுதல் உடலுக்கு வெளியே நடக்கிறது. காவல் இல்லாத முட்டைகளையும் தலைப்பிரட்டைகளையும் மீனும் பூச்சியும் தின்றுவிடும் என்பதால்தான் அத்தனை முட்டை. ரோகு, கட்லா மீன்கள் லட்சக்கணக்கில் இடுகின்றன. ஆடு ஐந்து மாதம் வயிற்றில் சுமந்து ஒன்றிரண்டு குட்டிதான் போடுகிறது. பசு ஒன்பது மாதத்துக்கு மேல் சுமந்து பெரும்பாலும் ஒரே கன்று. எண்ணிக்கை குறையக் குறைய தாயின் காவல் கூடுவதை அவளையே கவனிக்கச் சொல்லுங்கள். எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம் இது.

பாம்பு என்றாலே முட்டை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நல்ல பாம்பு முட்டையிடும், கண்ணாடி விரியன் குட்டி போடும். ஒரே செல்லால் ஆன அமீபா இரண்டாகப் பிரிவதும், தண்ணீரில் வாழும் சிறு உயிரான ஹைட்ராவின் உடலில் மொட்டு விட்டுப் புது ஹைட்ரா வளர்வதும் ஆண், பெண் இரண்டும் தேவைப்படாத வகை. இந்த வயதுக்கு அவ்வளவு போதும்.

பொய்கை சந்தைப் பக்கம் மாடு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் இன்னொன்று கேட்பார்கள்: “எங்க பசு காளைகிட்ட போகவே இல்ல, ஊசிதான் போட்டாங்க, கன்னு எப்படி வந்துச்சு?” சினை ஊசியில் இருப்பது மருந்தல்ல, காளையின் விந்து. திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரி குளிரில் உறைய வைத்து, பசு பருவத்துக்கு வந்ததும் கருப்பையில் செலுத்துகிறார்கள். காளை கொட்டகைக்கு வரவில்லையே தவிர, கன்றில் பாதி அந்தக் காளையுடையதுதான். நாட்டுப் பசுவுக்கு ஜெர்சி ஊசி போட்டால் கலப்பினக் கன்று பிறப்பது அதனால்தான்.