தேரிக்காட்டு வெயிலுக்கு எந்த ஹெல்மெட்?

மே வெயிலில் தேரிக்காட்டு மணலில் எக்ஸ்பல்ஸ் பைக் ஓட்டினால் ஹெல்மெட்டுக்குள் மூச்சு முட்டுது, அரை ஹெல்மெட்டுக்கு மாறலாமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாம் நண்பரே. மணலில் முன்சக்கரம் புதைஞ்சு விழுந்தா தாடைக்குப் பாதுகாப்பே இருக்காது.

மோட்டோகிராஸ் (மண்பாதை பைக் பந்தயம்) ஹெல்மெட் பாருங்க. தாடைப் பகுதி முன்னால நீண்டிருக்கும், முகத்தை மூடுற கண்ணாடிக்கு (வைசர்) பதிலா கண்ணை மட்டும் மூடுற காகிள்ஸ். விடுற மூச்சு உள்ளேயே சுத்தாது. மணலில் மெதுவா ஊர்றப்போ உச்சியில இருக்கிற காற்றுத்துளையால பெரிய பலன் கிடையாது, வாய்க்கு முன்னால இருக்கிற அந்த இடைவெளிதான் காப்பாத்தும்.

உள்பஞ்சு கழற்றித் துவைக்கிற மாதிரி இருக்கணும். இல்லேன்னா வியர்வை உப்பு காய்ஞ்சு நெற்றி அரிக்கும். வெள்ளை நிறமே எடுங்க (கறுப்பு மேட் அழகுதான், வெயிலுக்கு ஆகாது). ஐ.எஸ்.ஐ. முத்திரை, ஐ.எஸ். 4151 (ஹெல்மெட்டுக்கான இந்தியத் தர எண்) இல்லாததைத் தொடாதீங்க. காகிள்ஸையும் கடையிலேயே சேர்த்து மாட்டிப் பாருங்க. திருச்செந்தூர் ரோட்டுல வேகம் கூடினா தொப்பி விளிம்பு மாதிரி நெற்றிக்கு முன்னால நீட்டியிருக்கிற பீக் காத்துல தலையைப் பின்னால இழுக்கும், அங்க நிதானமாப் போங்க.