பாடசாலைப் பிள்ளைகளின் படங்களில் எவ்வளவு ரச்சிங் (திருத்த வேலை) செய்யலாம்?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலையின் மாணவர் படங்களை எடுத்து எடிற் செய்து கொடுக்கும் வேலை வந்திருக்கிறது. ஏறக்குறைய 400 பிள்ளைகள். முகத்தில் எவ்வளவு கை வைக்கலாம்? தோலை மென்மையாக்கினால் பொம்மை மாதிரி வருகிறது. அப்படியே விட்டால் "பிள்ளை கறுத்துப்போச்சு" என்று தாய்மார் குறைப்படுகிறார்கள்.

பதில்:

"கறுத்துப்போச்சு" என்ற குறைக்கு ரச்சிங்கில் மருந்து தேடாதீர்கள். பெரும்பாலும் அது படம் எடுக்கும்போது வெளிச்சத்தில் விட்ட பிழை. அதைச் சரிசெய்தால் தோலில் மிஞ்சுகிற வேலை ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம்கூட வராது.

வெள்ளைச் சீருடையில்தான் சிக்கல் தொடங்குகிறது. கமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீற்றர் தன் முன்னால் இருப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பலாகக் கணக்குப் பார்க்கும். படத்தின் பாதி வெள்ளைச் சட்டையாக இருந்தால் வெளிச்சம் கூடிவிட்டது என்று நினைத்துக் குறைக்கும். சட்டை சாம்பலாகும், முகம் அதோடு சேர்ந்து இருளும். பிறகு கணினியில் முகத்தை மட்டும் தூக்கினால் நிழலில் மறைந்து கிடந்த இரைச்சற் புள்ளிகளும் (நொய்ஸ்) சேர்ந்து எழும்பும்; கன்னம் சாம்பல் பூத்துப்போகும். ஆகவே வெளிச்ச அளவை நீங்களே வைக்கும் மனுவல் மோடில் எடுங்கள். ஓட்டோவில்தான் எடுப்பீர்கள் என்றால் 2/3 முதல் 1 ஸ்ரொப் வரை கூட்டிவையுங்கள் (ஒரு ஸ்ரொப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). இருட்டு இடமும் வெளிச்சம் வலமுமாகக் காட்டும் ஹிஸ்ரோகிராம் வரைபடத்தில் சட்டை வலது ஓரத்தை அண்டி நிற்கவேண்டும், முட்டக்கூடாது. கணினிக்கு முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 255. சட்டை 255க்குப் போனால் பொத்தானும் மடிப்பும் அழிந்துவிடும். 235 - 245 இருந்தால் நல்லது. கமரா சுருக்காமல் வைக்கும் மூலக் கோப்பான ரோ கோப்பாக எடுப்பது கட்டாயம்.

அடுத்தது வெள்ளைச் சமநிலை, அதாவது எது வெள்ளை என்று மென்பொருளுக்குக் காட்டி நிறத்தைச் சரிசெய்வது. கனபேர் நிறம் எடுக்கும் ஐட்ரொப்பர் கருவியை எடுத்துச் சட்டையில் குத்துவார்கள், வெள்ளைதானே என்று. அந்த வெள்ளை வீட்டுக்கு வீடு வேறு. நீலம் போட்டுத் தோய்த்த சட்டை நீலம் காட்டும். சவர்க்காரத் தூளில் இருக்கும் வெளிர்ப்பூட்டிகள் கண்ணுக்குத் தெரியாத ஊதாக்கடந்த கதிரை வாங்கி நீலமாக விடுவதால், பிளாஷுக்கு முன்னால் அது இன்னும் கூடும். அந்தச் சட்டையை வெள்ளை என்று மென்பொருளுக்குச் சொன்னால் அது படம் முழுக்க மஞ்சளை ஊற்றும், பிள்ளைக்குக் காமாலை வந்ததுபோல இருக்கும். அண்ணன் போட்டு மஞ்சளித்த சட்டையில் குத்தினால் நீலத்தைக் கூட்டி முகத்தைச் சாம்பலாக்கும். பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு பிள்ளைகள் இரண்டு நிறமாக வருவதற்குக் காரணம் இதுதான். ஒவ்வொரு வகுப்பும் தொடங்கும்போது முதற்பிள்ளையின் கையில் ஒரு கிறே கார்டை (நிறச்சாயல் இல்லாத சாம்பல் அட்டை) கொடுத்து ஒரு படம் எடுங்கள். அதில் எடுத்த சமநிலையை லைற்றூம் மென்பொருளில் சிங்க் செய்து அந்த வகுப்பின் எல்லாப் படங்களுக்கும் ஒரேயடியாகப் போடுங்கள். சூரியன் நகர்ந்து விறாந்தையில் வெளிச்சம் மாறினால் கார்ட் படத்தை மறுபடியும் எடுக்கவேண்டும்.

இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். வேப்பமரத்துக்கும் மாமரத்துக்கும் கீழே எடுத்தால் கன்னத்தில் பச்சை விழும். வலிகாமத்துச் செம்மண் முற்றத்தில் நாடிக்குக் கீழே சிவப்பு எழும்பும். இவை முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் விழுவதால் முழுப் படத்தையும் மாற்றித் திருத்த ஏலாது. நிலத்தில் ஒரு வெள்ளைத் துணி விரித்தால் செம்மண் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். நீலத் திரை பாவித்தால் பிள்ளையை அதிலிருந்து 1.5 மீற்றராவது தள்ளி இருத்துங்கள். இல்லாவிட்டால் காதோரமும் தோளும் நீலம் அடிக்கும்.

இனி நிறம். பிள்ளையின் நிறத்தை வெளுப்பாக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. செம்மஞ்சளின் லூமினன்ஸை (அந்த நிறத்தின் வெளிச்சத்தை) கூட்டினால் முகம் உடனே வெளுக்கும், ஆனால் கன்னத்தின் சிவப்பு போய்விடும், உதடு மங்கும், கழுத்தும் காதும் வேறு ஆளுடையது போல நிற்கும். அதைவிட, தன் படத்தைப் பார்க்கிற ஏழு வயதுப் பிள்ளை, தன் நிறம் திருத்தப்படவேண்டிய ஒன்று என்று அதிலிருந்து படித்துக்கொள்ளும். அந்தப் பாடத்தை நாங்கள் அச்சடித்துக் கொடுக்கக்கூடாது.

நிறம் சரியா என்று கண்ணை மட்டும் நம்பாமல் எண்ணையும் பாருங்கள். போட்டோஷொப்பின் இன்போ பெட்டியில் சிஎம்வைகே அளவை (சியான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்ற அச்சு மைகளின் வீதம்) திறந்து, பளபளப்பு இல்லாத கன்னப் பகுதியில் வையுங்கள். எங்கள் தோலுக்கு மஞ்சள், மஜெந்தாவுக்குச் சமமாகவோ கொஞ்சம் கூடவோ இருக்கவேண்டும். பச்சை கலந்த நீலமான சியான், கருஞ்சிவப்பான மஜெந்தாவின் மூன்றிலொரு பங்கிலிருந்து பாதி வரை வரலாம். மஜெந்தா மஞ்சளைத் தாண்டினால் முகம் சிவந்துபோகும், சியான் கூடினால் சாம்பல் பூக்கும். மொனிற்றரை முழு வெளிச்சத்தில் வைத்து எடிற் செய்தால் திரையில் வடிவாகத் தெரிகிற படம் அச்சில் இருட்டாகத்தான் வரும். 100 - 120 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) போதும். 400 படத்தையும் அனுப்பமுதல், நிறம் கூடிய, குறைந்த ஐந்து பிள்ளைகளின் படங்களை ஒரே தாளில் அடித்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

தோலுக்கு வருவோம். இரண்டு கிழமையில் தானாகப் போய்விடக்கூடியதை எடுக்கலாம், போகாததை விடவேண்டும். நுளம்புக்கடி, கீறல், பரு, காய்ந்த மூக்குச்சளி, வாயோர வெடிப்பு, சட்டையில் ஒட்டிய நூல் எல்லாம் போகட்டும். மச்சம், பிறவி அடையாளம், விழுந்து தைத்த தழும்பு, அம்மைத் தழும்பு இருக்கவேண்டும். விழுந்த பாற்பல்லின் இடைவெளியும் இருக்கவேண்டும். அதை நிரப்பித் தரச்சொல்லிக் கேட்பார்கள், செய்யாதீர்கள். அந்த வயதின் அடையாளமே அதுதான். கன்னத்தில் வெளிறிய தேமலும் வெண்படையும் பெற்றோரைக் கேட்டுச் செய்யவேண்டியவை. 1995 ஒக்ரோபரில் போரால் வந்த இடப்பெயர்வில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட எத்தனையோ குடும்பங்களின் அல்பங்கள் வீட்டோடு போயின. அப்படிப்பட்ட வீடுகளில் சிறுவயது முகத்தைத் தேட ஒரு வகுப்புப் படம்தான் மிஞ்சியிருக்கும். மச்சத்தை வைத்துத்தான் அதில் ஆளைக் காட்டுவார்கள்.

செய்முறை எளிது. போட்டோஷொப்பில் படத்துக்கு மேல் வெற்று லேயர் (அடுக்கு) ஒன்று திறந்து, புள்ளியைப் பக்கத்துத் தோலால் மூடும் ஹீலிங் பிறஷை "கரன்ட் அன்ட் பிலோ" என்று வையுங்கள். பிறஷ் அந்தப் புள்ளியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் போதும். மாதிரியை அதே கன்னத்தில், அதே வெளிச்சத்தில் இருந்து எடுங்கள். நெற்றியில் எடுத்துக் கன்னத்தில் வைத்தால் திட்டுத் தெரியும். 100 வீதப் பெரிதாக்கலில் வேலை செய்து, 50 வீதத்துக்கு வந்து பாருங்கள். 200, 300 என்று உள்ளே போனால் கை நிற்காது.

தானாகப் புள்ளி நீக்கும் கருவிகளையும் தோல் மென்மையாக்கும் அக்சன்களையும் (பதிந்து வைத்த தானியங்கிப் படிமுறைகள்) 400 படத்துக்கும் ஓடவிடாதீர்கள். அவற்றுக்கு எங்கள் ஊர் தெரியாது. கண்ணூறு படாமல் கன்னத்தில் வைத்த கறுத்தப் பொட்டைப் பரு என்று அழித்துவிடும். திருநீற்றுக் கீற்றை மங்கலாக்கி நெற்றியில் சாம்பல் திட்டாக விடும். சந்தனப் பொட்டின் ஓரம் கரைந்துபோகும். வியர்வையில் பாதி அழிந்த திருநீற்றைக்கூட நீங்களாகத் துடைக்கவும் வேண்டாம், வரையவும் வேண்டாம்.

தோலின் நிறத்தையும் நுண்ணமைப்பையும் இரண்டு லேயராகப் பிரித்துத் திருத்தும் பிரீக்குவன்சி செபரேஷன் பற்றிக் கேட்பீர்கள். அது வயதுவந்தோரின் தோலுக்கு வந்த முறை. பிள்ளைகளின் தோலில் ஏற்கனவே துளைகள் நுண்மையானவை. கன்னத்து மெல்லிய பூனைமயிர்தான் அந்தத் தோலுக்கு உயிர். மங்கலாக்கினால் முதலில் போவது அதுதான், நீங்கள் சொன்ன பொம்மைத்தனம் அங்கிருந்துதான் வருகிறது.

பவுடர் எங்கள் பக்கத்துக்கே உரிய தலையிடி. காலையில் தாய் பூசிவிட்ட பவுடர் நேரில் அவ்வளவு தெரியாது. பிளாஷ் அடித்தால் நெற்றியும் மூக்கும் கழுத்து மடிப்பும் வெள்ளைத் திட்டாக எழும்பும். ரிஷ்யூ ஒரு பெட்டி வைத்து, கதிரையில் இருத்தமுன் ஒற்றி எடுக்க ஒரு ரீச்சரைக் கேளுங்கள். தேய்த்தால் திருநீறும் போய்விடும், ஒற்றவேண்டும். தப்பி வந்த படத்தில் இரண்டு வேலை உண்டு. முதலில் வெற்று லேயரை, நிறத்தை மட்டும் மாற்றும் கலர் மோடுக்கு மாற்றி, பவுடர் படாத காதோரத்து நிறத்தை எடுத்து, மென்மையான பிறஷால் 20 - 30 வீத ஒப்பாசிற்றியில் (அடர்த்தியில்) திட்டின்மேல் பூசுங்கள். பிறகு வெளிச்சத்தை மாற்றும் ஒரு கர்வ்ஸ் லேயரால் அந்த இடத்தைக் கொஞ்சம் இருட்டாக்கி, மற்ற இடத்தில் படாதபடி மாஸ்க் செய்யுங்கள். நிறத்தை மாற்றாமல் இருட்டை மட்டும் கூட்டினால் திட்டு சாம்பலாக நிற்கும்.

தேங்காயெண்ணெய் வைத்து வாரிய தலையில் பிளாஷ் வெட்டும். ஹைலைற்றைக் குறைத்தால் போதும். கண்ணுக்குக் குறுக்கே விழுந்த மயிரை எடுங்கள், தலையோரத்துச் சுருளை விடுங்கள். கண்மணியைப் பெரிதாக்குவதும் கண்வெள்ளையைச் சுண்ணாம்பாக்குவதும் வேண்டாம். கண்ணாடி போட்ட பிள்ளைக்கு லைற்றை உயர்த்தி, கண்ணாடிக் காம்பைக் காதுக்கு மேல் அரை விரல் தூக்கிவிட்டால் பளபளப்பு கீழே இறங்கிவிடும். ஆனாலும் கண்ணாடியைக் கழற்றி இன்னொரு படம் எடுத்து வைத்திருங்கள், கண் மறைந்தால் அதிலிருந்து ஒட்டலாம். கழுத்து ரை கோணலா, ரிபன் அவிழ்ந்திருக்கிறதா என்பதைக் கமராவுக்கு முன்னால் பாருங்கள். கையால் அது ஐந்து விநாடி வேலை. கணினியில் ஐந்து நிமிடம் எடுக்கும்.

தொலைபேசியின் அழகூட்டும் மோடும் முகம் தெளிவாக்கும் ஏஐ செயலிகளும் இந்த வேலைக்கு ஆகாது. நாடியை ஒடுக்கி, மூக்கைச் சிறிதாக்கி, இல்லாத இமைமயிரை வரைந்து தரும். சகோதரர் இருவர் ஒரே முகமாக வருவார்கள். பிள்ளைகளின் முகங்களைப் பெற்றோரைக் கேளாமல் யாருடையதோ சேர்வருக்கு ஏற்றுவதும் சரியில்லை.

நேரக் கணக்கு: பிள்ளைக்கு 2 நிமிடம் என்றால் 400 பேருக்கு 800 நிமிடம், அதாவது 13 மணித்தியாலமும் 20 நிமிடமும். ஒரே நாளில் செய்யாதீர்கள், பின்னேரத்துக் கண் நிறத்தை வேறாகப் பார்க்கும். கோப்புக்குப் பெயரை வைக்காமல் வகுப்பையும் சேர்விலக்கத்தையும் வையுங்கள். ஒரே பெயரில் மூன்று பிள்ளைகள் இருப்பார்கள். எல்லாருக்கும் கண்மட்டம் ஒரே கோட்டில் வரும்படி வெட்டினால் வகுப்புத் தாள் சீராக இருக்கும். 4 x 6 அங்குல அச்சுக்கு 1200 x 1800 பிக்சலில், எஸ்ஆர்ஜிபி என்ற வழமையான நிற முறையில் கோப்பைச் சேமியுங்கள்.

தேசிய அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் இந்தப் படத்தை வெட்டிக் கொடுக்கக்கூடாது. அவற்றை அனுமதி பெற்ற ஸ்ரூடியோவில் எடுக்கவேண்டும், அங்கே தழும்பு ஒன்றைக்கூட எடுக்க முடியாது. 15 வயது நிரம்பிய பிள்ளைகளின் பெற்றோருக்கு இதை முதலே சொல்லிவிடுங்கள்.

புலமைப்பரிசில் பெறுபேறு வந்ததும் பனர் அடிக்கப் படம் கேட்டு வருவார்கள், அப்போது ரோ கோப்பு கையில் இருக்கவேண்டும். 35 x 45 மில்லிமீற்றர் அளவுச் சின்னப் படமாக 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) வெட்டியிருந்தால் அதில் இருப்பது 413 x 531 பிக்சல்தான். 3 அடி உயரப் பனருக்கு 100 டிபிஐயில் 3600 பிக்சல் தேவை. மிச்சத்தைக் கடைக்காரர் ஏஐயால் நிரப்பினால் சந்தியில் தொங்குவது வேறொரு பிள்ளையின் முகமாக இருக்கும். பெற்றோர் சம்மதித்தபின் மூலக் கோப்பிலிருந்து புதிதாக எடுத்துக் கொடுங்கள். பனர் அடிக்கும் பிளெக்ஸ் அச்சில் தோல் சிவந்து இருளுவது வழமை என்பதால் முதலில் ஒரு சின்னத் துண்டு அடித்துக் காட்டச்சொல்லிக் கேளுங்கள்.