கைவேலை கேள்வி-பதில்: அனிமே விழாவில் ஒரு மேசை

(அமெரிக்காவில் நடக்கும் அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன், ரசிகர் விழாக்களில் ‘ஆர்ட்டிஸ்ட் ஆலி’ என்று ஒரு பகுதி இருக்கும். வரைகிறவர்களும் கைவேலை செய்கிறவர்களும் மேசை வாடகைக்கு எடுத்துத் தாங்களே செய்ததைத் தாங்களே விற்கிற இடம். போன இதழில் அதைப் பற்றி நான்கு வரி எழுதினேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.)

சான் ஹோசேயில் மே மாதக் கடைசியில் நடக்கும் ஃபானிமேகான் அனிமே விழாவில் குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) பொம்மைகள் விற்க ஆசை. உள்ளங்கை அளவு பொம்மை ஒன்று போட எனக்கு ஐந்து மணி நேரம் ஆகிறது. 25 டாலர் வைத்தால் போதும் என்கிறார் கணவர். சரியா? – ஃப்ரீமாண்ட் வாசகி

மணிக்கு ஐந்து டாலர் சம்பளத்துக்கு அவர் வேலைக்குப் போவாரா என்று முதலில் கேளுங்கள். நூலும் உள்ளே திணிக்கிற பஞ்சும் கழித்தால் அந்த ஐந்துகூட வராது, மேசை வாடகை வேறு தனி. கலிஃபோர்னியாவில் 2025-ல் குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 16.50 டாலர். அந்தக் கணக்கில் உங்கள் பொம்மை கூலி மட்டுமே 82 டாலரைத் தாண்டுகிறது, உள்ளங்கை அளவு பொம்மைக்கு அவ்வளவு கொடுக்க அங்கே ஆள் ரொம்பக் குறைவு, வருகிறவர்களில் நிறையப் பேர் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள்.

விலையோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, என்ன செய்து விற்பது என்பதை மாற்றிப் பாருங்கள். முக்கால் மணி நேரத்தில் முடிகிற சாமான் உங்களிடம் என்ன இருக்கிறது? பைகளில் மாட்டுகிற சின்னத் தலைகள், விசைப்பலகை ஓரத்தில் உட்காருகிற பூனை, தலைமுடி கிளிப், இப்படி. இந்தக் கூட்டத்தில் ‘இட்டா பேக்’ தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு, பையின் முன்பக்கம் பிளாஸ்டிக் ஜன்னல் மாதிரி இருக்கும், அதற்குள் பிடித்த கதாபாத்திரத்தின் பேட்ஜும் பொம்மையுமாக இடம் இல்லாமல் அடைத்து வைத்திருப்பார்கள். வளையம் கோத்துத் தொங்கவிடக்கூடிய பொம்மை அவர்களிடம் போகும். அதே பொம்மையை வளையம் இல்லாமல் வைத்தால் கையில் எடுத்து, “அழகா இருக்கே” என்று சொல்லிவிட்டுத் திரும்ப வைத்துவிட்டுப் போவார்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. அதே பொம்மையைத் தடிமனான வெல்வெட் நூலில், பெரிய ஊசியில் போட்டுப் பாருங்கள். கண்ணிகளின் எண்ணிக்கை அதேதான், ஆனால் பொம்மை தலையணை மாதிரி பெரிதாக வரும். வாங்குகிறவர் அளவைத்தான் பார்க்கிறார், கண்ணியை எண்ணுவதில்லை, அதனால் 60, 70 டாலர் சொன்னாலும் முகம் சுளிக்கமாட்டார். நுணுக்கமாகப் போட்ட அந்த ஐந்து மணி நேரப் பொம்மை இரண்டை மேலே கண்ணில் படும்படி வைத்து உண்மையான விலையை எழுதுங்கள். விற்றால் விற்கட்டும். விற்காவிட்டாலும் ஆளை நிறுத்த அது உதவும், ஆர்டர் கேட்பவரும் வருவார்.

எல்லாவற்றுக்கும் விலைச்சீட்டு வையுங்கள், தயவுசெய்து. விலை தெரியாவிட்டால் கேட்டு வாங்குகிற கூட்டம் இல்லை அது, பாதி பேர் கூச்ச சுபாவம். அப்புறம், வேறு ஒருவரின் பேட்டர்ன், அதாவது பின்னல் குறிப்பு, பார்த்துப் போட்டதாக இருந்தால் முடித்த பொம்மையை விற்க அவர் அனுமதி தந்திருக்கிறாரா என்று பாருங்கள். பலர் தருகிறார்கள், பேரைக் குறிப்பிடச் சொல்வார்கள். ஆனால் சில விழாக்களில் சொந்த வடிவமைப்பு மட்டும்தான் என்று விதியே உண்டு.

நான் எச்-4 விசாவில், அதாவது துணைவர் விசாவில், இருக்கிறேன். பொழுதுபோக்காகச் செய்த களிமண் தோடுகளைத்தானே விற்கப்போகிறேன், இது வேலை ஆகாதே? – சன்னிவேல் வாசகி

ஆகும். காசு வாங்கிப் பொருள் கொடுத்தால் அது தொழில், மூன்று நாள் செய்தாலும் தொழில்தான். இந்த ஒரு கேள்வியை மட்டும் ஏழெட்டுப் பேர் வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள், “தோழி பேரில் மேசை எடுத்து நான் உட்காரலாமா” என்பது உட்பட. கூடாது அம்மா. லாபம் உங்களுக்கு வருகிறது, உழைப்பு உங்களுடையது, மேசை யார் பேரில் இருந்தால் என்ன?

உங்களிடம் வேலை அனுமதி அட்டை, அதாவது ஈஏடி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 2015-ல் வந்த விதிப்படி, எச்-1பி வேலை விசாவில் இருக்கிற கணவருக்கோ மனைவிக்கோ கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு அங்கீகரிக்கப்பட்டிருந்தால் எச்-4 துணைவர் அதற்கு விண்ணப்பிக்கலாம். எச்-1பி ஆறு வருடத்தைத் தாண்டி நீட்டிப்பில் இருக்கும் சிலருக்கும் இது பொருந்தும். அட்டை கைக்கு வந்த பிறகு சொந்தத் தொழில் உட்பட எதுவும் செய்யலாம். அதுவரை தோடு செய்யுங்கள், பரிசாகக் கொடுங்கள், படம் எடுத்துச் சேர்த்து வையுங்கள், மேசைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் படங்கள்தான் கேட்பார்கள். எஃப்-1 விசாவில் படிக்கிற மாணவர்களுக்கும் இதே எச்சரிக்கை. பத்து டாலர் தோடுக்காகக் கிரீன் கார்டு வரிசையில் சிக்கல் வரவழைத்துக்கொள்ளாதீர்கள். சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் காசு கொடுத்துக் கேளுங்கள், வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள்.

பிரபல அனிமே பாத்திரங்களை நாமே பின்னி விற்றால் பதிப்புரிமைப் (காப்பிரைட்) பிரச்சினை வராதா? எல்லோரும் விற்கிறார்களே? – இர்வைன் வாசகர்

எல்லோரும் விற்கிறார்கள், உண்மை. அனுமதி வாங்கியவர்கள் வெகு சிலர், அதுவும் உண்மை. அமெரிக்கச் சட்டப்படி ஒரு பாத்திரத்தை நூலில் பின்னினாலும் களிமண்ணில் பிடித்தாலும் மூலத்திலிருந்து எடுத்த படைப்புதான், உரிமை உள்ளவர் எழுந்து வந்தால் “கையால் செய்தேன்” என்பது பதில் ஆகாது.

பின் எப்படி நடக்கிறது? இந்தப் பழக்கத்துக்கு ஜப்பானில் வேர் இருக்கிறது. 1975 டிசம்பரில் டோக்கியோவில் காமிக் மார்க்கெட் என்கிற காமிகெட் தொடங்கியபோது வந்த குழுக்கள் 32, பார்வையாளர்கள் சுமார் 700 பேர். ரசிகர்கள் தாங்களே அச்சடித்ததை விற்கிற அந்தச் சந்தை இன்று டோக்கியோ பிக் சைட் என்கிற பெரிய கண்காட்சி வளாகத்தை நிறைக்கிறது. அங்கே பதிப்பாளர்கள் பெரும்பாலும் கண்டும் காணாமல் இருந்துவிடுகிறார்கள், ரசிகர்களை விரட்டினால் நஷ்டம் தங்களுக்குத்தான் என்று தெரியும். அந்த மனோபாவம் அமெரிக்க விழாக்களுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. ஆனால் இது பொறுத்துக்கொள்ளல்தான், உரிமை இல்லை. நிறுவனத்தின் லோகோவைப் போடாதீர்கள், தொடரில் வந்த படத்தை அப்படியே நகல் எடுக்காதீர்கள். இணையத்தில் கடை போட்டால் நீக்கச் சொல்லி நோட்டீஸ் வரும் வாய்ப்பு இன்னும் அதிகம்.

என் யோசனை, மேசையில் பாதியாவது உங்கள் சொந்தக் கற்பனையாக இருக்கட்டும். பாத்திரம் பழசானால் அந்தப் பொம்மை அலமாரியில் தூங்கும், உங்கள் சொந்தப் பூனைக்கு அந்தக் கவலை இல்லை.

விற்பனை வரி எப்படிக் கட்டுவது? – சாக்ரமெண்டோ வாசகி

கலிஃபோர்னியாவில் விற்க ‘செல்லர்ஸ் பெர்மிட்’ வேண்டும், மாநில வரித்துறை தளத்தில் கட்டணம் இல்லாமல் கிடைக்கும். சில நாட்கள் மட்டும் விற்பவருக்குத் தற்காலிகமானது இருக்கிறது, 90 நாள் வரை. மாநிலம் முழுக்கக் குறைந்தபட்ச வரி 7.25%, அதன் மேல் ஊருக்கு ஊர் கூடும், விழா நடக்கிற இடத்தின் விகிதத்தைப் பாருங்கள். மேசையில் சில்லறை எண்ண நேரம் இருக்காது, அதனால் பலரும் வரியைச் சேர்த்தே 10, 15, 22 என்று வைக்கிறார்கள். அப்படிச் செய்தால் ‘விலையில் வரி அடங்கும்’ என்று ஒரு அட்டை வாங்குகிறவர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். ஊரில் வரி 10% என்று வைத்துக்கொண்டால் 22 டாலரில் 20-தான் உங்களுடையது. மீதி இரண்டை முதல் நாளே தனியாக எடுத்து வையுங்கள், சாப்பாட்டுக்குச் செலவழித்துவிட்டு அப்புறம் தேடாதீர்கள்.

என் பொம்மைகளுக்கு பிளாஸ்டிக் கண் வைக்கிறேன். குழந்தைகள் வாங்கினால் பிரச்சினை வருமா? – பிட்ஸ்பர்க் வாசகி

நல்ல கேள்வி, பலர் யோசிப்பதே இல்லை. 2008-ல் வந்த நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டப்படி, 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கான பொம்மை என்றால் ஆய்வகச் சோதனையும் சான்றிதழும் தேவை. வீட்டில் செய்கிறவருக்கும்தான். சிறு உற்பத்தியாளராகப் பதிந்துகொண்டால் சில சோதனைகளில் விலக்கு உண்டு, ஆனால் விழுங்கக்கூடிய சின்னப் பாகங்களுக்கான சோதனையில் இல்லை. ‘பெரியவர்கள் அலங்காரத்துக்கு’ என்று சீட்டு ஒட்டுவது உதவும், ஆனால் பார்த்தாலே கைக்குழந்தை பொம்மை மாதிரி இருந்தால் அந்தச் சீட்டை யாரும் மதிக்கமாட்டார்கள். கண்ணை நூலால் தைத்துவிடுவது நிம்மதி. உங்கள் பென்சில்வேனியாவில் பஞ்சு திணித்த பொம்மை விற்க மாநிலத்தில் தனியாகப் பதிவும் வேண்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மயிலாப்பூரில் நான் செய்யும் டெரகோட்டா நகைகளை டெக்சாஸில் இருக்கும் அக்கா மேசை போட்டு விற்கலாமா? – சென்னை வாசகி

செய்தவரே மேசையில் இருக்க வேண்டும் என்பதுதான் ஆர்ட்டிஸ்ட் ஆலியின் பொதுவான நிபந்தனை, எனவே அங்கே கஷ்டம். அக்கா கடைக்காரர்களுக்கான ‘டீலர்’ பகுதியில் மேசை எடுக்கலாம், வாடகை நன்றாகக் கூடும். அமெரிக்காவுக்கு வரும் 800 டாலருக்கு உட்பட்ட பார்சலுக்கு இருந்த சுங்க விலக்கும் 2025 ஆகஸ்ட்டில் போய்விட்டது. எதற்கு இவ்வளவு? 2024 முதல் நந்தம்பாக்கம் டிரேட் சென்டரில் காமிக் கான் என்கிற காமிக்ஸ் ரசிகர் விழா நடக்கிறது, அங்கே நீங்களே உட்கார்ந்து விற்கலாம்.

என் 16 வயது மகள் தனக்கு மேசை வேண்டும் என்கிறாள். படிப்பு கெடாதா? – டாலஸ் தந்தை

படிப்பைப் பற்றி எனக்குத் தெரியாது சார். பல விழாக்களில் 18 ஆகாதவர் ஒப்பந்தம் போட முடியாது, பெற்றோர் பேரில் எடுத்துப் பெற்றோரே கூட இருக்க வேண்டும். அதனால் உங்கள் சனி, ஞாயிறும் சேர்ந்துதான் போகும். அவள் சாப்பிடப் போகும்போது மேசையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை, பாத்திர வேடம் போட்டு, சிறகு கட்டிக்கொண்டு வருகிற காஸ்பிளேக்காரர் திரும்பினால் சாமான் மாட்டிய கம்பித்தட்டு சாயும், அதைப் பிடிக்கவும் ஆள் தேவை. மடக்கு நாற்காலிக்கு ஒரு மெத்தை எடுத்துப் போங்கள்.