ரிப்போர்ட்டில் ‘1.9 மடங்கு’ என்று போட்டிருக்கிறது. எனக்குச் சர்க்கரை வந்தே தீருமா?

கேள்வி: எனக்கு வயது 36. கோவையில் ஐ.டி. கம்பெனியில் வேலை. அப்பாவுக்கு 46 வயதில் சர்க்கரை வந்தது, அம்மாவுக்கு 53-ல். போன வருடம் அண்ணனுக்கும் வந்துவிட்டது, அவருக்கு 41. பயத்தில் ஆன்லைனில் பணம் கட்டி, எச்சிலைக் குப்பியில் துப்பி மரபணு டெஸ்டுக்கு அனுப்பினேன். ‘டிசிஎஃப்7எல்2 மரபணுவில் இரண்டு அபாயப் பிரதிகள், டைப் 2 நீரிழிவு வாய்ப்பு 1.9 மடங்கு’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. இனி நான் என்ன செய்து என்ன ஆகப்போகிறது? பத்து வயது மகளுக்கும் இந்த டெஸ்டை எடுத்துவிடலாமா? உடற்பயிற்சி எதுவும் கிடையாது, இடுப்பளவு 94 செ.மீ. ரத்தத்தில் சர்க்கரை இதுவரை பார்த்ததில்லை.

பதில்: உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது அந்த 1.9 அல்ல, கடைசி வரி. மரபணுவைப் பார்த்துவிட்டீர்கள், சர்க்கரையைப் பார்க்கவில்லை. தெருமுனை லேபில் சில நூறு ரூபாயில் முடிகிற வேலை அது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிற எண்ணைப் பார்த்துவிடுவோம்.

‘மடங்கு’ என்று யார் சொன்னாலும், எதைவிட என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு மரபணுவும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியாக நமக்கு வருகிறது. இங்கே ஒப்பீடு, அந்த அபாயப் பிரதி ஒன்றுகூட இல்லாதவர்களோடு. பேச்சுக்கு, அப்படிப்பட்ட 100 பேரில் 10 பேருக்குச் சர்க்கரை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களைப் போல இரண்டு பிரதி உள்ள 100 பேரை எடுத்தால் ஏறக்குறைய 19 பேருக்கு வரும். மீதி 81 பேருக்கும் ரிப்போர்ட்டில் இதே 1.9தான் இருக்கும், சர்க்கரை இருக்காது. இந்தப் பிரதி அரிதான சரக்கும் அல்ல. காலையில் உங்கள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிறவருக்கும் ஒன்று இருக்கலாம்.

இந்த மரபணுவுக்கும் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தவர்கள் ஐஸ்லாந்தின் டிகோட் நிறுவனத்தார், 2006-ல். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களின் வேலையோடு இது தொடர்புடையது. மரபணு உடைந்துபோகவில்லை, காணாமலும் போகவில்லை. டி.என்.ஏ.யில் ஒரே ஓர் எழுத்து வேறாக இருக்கிறது. அதனால் சாப்பிட்டபின் இன்சுலின் சுரப்பு கொஞ்சம் மந்தமாகிறது, அவ்வளவுதான். ஒரு பிரதிக்கு வாய்ப்பு சுமார் 1.4 மடங்கு. டைப் 2 நீரிழிவில் பரவலாகக் காணப்படும் மாறுபாடுகளில் மிகப் பலமானவற்றில் இதுவும் ஒன்று என்கிறார்கள். பலசாலிக்கே இவ்வளவுதான் பலம்! மற்றவை பெரும்பாலும் 1.05, 1.1 என்கிற கணக்கில் நிற்கின்றன. அப்படி எத்தனை இருக்கின்றன? 2024-ல் 25 லட்சம் பேருக்கு மேல் வைத்து நடந்த ஆய்வில், மரபணுத் தொகுதியில் 611 இடங்களில் 1,289 தடயங்கள் கிடைத்தன.

தேர் இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வடத்தில் ஆயிரம் கை இருக்கும். அதில் ஒரு பயில்வான் இழுக்கிறார் என்பதற்காகத் தேர் நகர்ந்துவிடாது. அவர் கையை எடுத்துவிட்டாலும் நின்றுவிடாது. டைப் 2 சர்க்கரை, ரத்த அழுத்தம், மாரடைப்பு, உடல் எடை, உயரம் எல்லாம் இப்படி ஆயிரம் கை இழுக்கிற தேர்கள்தான். உங்கள் ரிப்போர்ட் அந்தப் பயில்வான் ஒருவரை மட்டும் போட்டோ எடுத்துக் கொடுத்திருக்கிறது. தேருக்குப் பக்கத்திலேயே முட்டுக்கட்டையோடு நடக்கிறவர் ஒருவர் உண்டு. திருப்புவதும் நிறுத்துவதும் அவர் வேலை. நம் நடையும் சாப்பாடும்தான் அவர். அந்தப் போட்டோவில் அவர் இல்லை.

சரி, அப்படியானால் பரம்பரை என்பது ஒன்றுமில்லையா? இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வில், பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தால் பிள்ளைக்கு வாய்ப்பு சுமார் 3.5 மடங்கு, இருவருக்கும் இருந்தால் சுமார் 6 மடங்கு என்று வந்தது. உங்கள் 1.9-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பணம் கட்டி வாங்கிய ரிப்போர்ட்டைவிட, அப்பாவின் மாத்திரைச் சீட்டும் அம்மாவின் மாத்திரைச் சீட்டும் அதிகம் சொல்லுகின்றன. காரணம் இருக்கிறது. அந்த ஆயிரம் கைகளையும் ஆளுக்குப் பாதியாகப் பெற்றோர்தான் தருகிறார்கள். அதோடு சமையலறையையும் தருகிறார்கள். எத்தனை கரண்டி சோறு, இரவு எத்தனை மணிக்குத் தோசை, கடைக்கு நடையா பைக்கா என்பதெல்லாம் மரபணுவில் இல்லை, ஆனால் வீட்டு வழியாகத்தான் வருகிறது. ‘குடும்ப வியாதி’ என்று நம்மவர்கள் சொல்லும்போது இரண்டையும் சேர்த்தேதான் சொல்கிறார்கள். அந்தச் சொல் தப்பில்லை. ‘ரத்தத்துலயே இருக்கு, என்ன பண்றது’ என்று அடுத்து ஒரு பெருமூச்சு வருகிறதே, அதுதான் தப்பு.

சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களில் சர்க்கரை உள்ளவர்கள் 1989-ல் 8.3 சதவீதம். 1995-ல் 11.6. 2000-ல் 13.5. 2004-ல் 14.3. பதினைந்தே வருடம். அதற்குள் ஒரு ஊரின் மரபணு மாறாது. பிள்ளைகள் பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் மாறுகிற சமாசாரமா அது? மாறியது நடை, வேலை, சாப்பாடு, தூக்கம். பிமா என்கிற அமெரிக்கப் பழங்குடியினரின் கதை இதைவிடத் துலக்கமானது. அவர்களில் ஒரு பிரிவு அமெரிக்காவின் அரிசோனாவில், இன்னொன்று எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிகோ மலைக் கிராமத்தில். ரத்த உறவு நெருக்கமானது. 2006-ல் வெளியான ஆய்வின்படி அரிசோனாவில் 38 சதவீதம் பேருக்குச் சர்க்கரை, மலைக் கிராமத்தில் 6.9 சதவீதம் பேருக்கு. மலையில் இருந்தவர்கள் உடல் நோக உழைக்கிறவர்கள்.

‘அது சரி, என்னிடம் இருக்கும் அந்தக் குறிப்பிட்ட மாறுபாட்டுக்கு வாழ்க்கை முறை வேலை செய்யுமா?’ என்று நீங்கள் கேட்கலாம். இதை நேரடியாகவே பார்த்திருக்கிறார்கள். சர்க்கரையின் விளிம்பில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தில், டிசிஎஃப்7எல்2 இரண்டு பிரதி உள்ளவர்களுக்குச் சர்க்கரை சீக்கிரம் வந்தது. ஆனால் மருந்தில்லாத போலி மாத்திரை தரப்பட்ட குழுவில்தான் அந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. உணவையும் நடையையும் கவனித்த குழுவில் அது ஏறக்குறைய மங்கிப்போனது.

நம் ஊர் ஆதாரமும் உண்டு. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2006-ல் வந்தது. உங்களைப் போலச் சும்மா பயந்தவர்கள் அல்ல அதில் இருந்த 531 பேர். குளுக்கோஸ் குடித்துப் பார்த்ததில் ஏற்கெனவே சர்க்கரையின் விளிம்பைத் தொட்டவர்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் மூன்று வருடத்தில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. தினமும் அரைமணி நேரம் வேகநடை, மாவு, இனிப்பு, எண்ணெயில் கட்டுப்பாடு என்று இருந்தவர்களில் 39.3 சதவீதம். மாயம் ஒன்றும் இல்லை, கவனித்தும் பலருக்கு வந்திருக்கிறது. இதை மறைத்து உங்களுக்குத் தெம்பு சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் இவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை, குறையாமலே இந்தப் பலன். தராசைப் பார்த்து மனம் விட்டு, பத்தாம் நாள் நடையை நிறுத்துகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

இப்போது உங்கள் கணக்கு. சென்னை நீரிழிவு ஆராய்ச்சியாளர் டாக்டர் வி. மோகன் குழு 2005-ல் ஓர் எளிய மதிப்பெண் முறையை வெளியிட்டது. மொத்தம் 100, அதில் 60-ஓ அதற்கு மேலோ வந்தால் அபாயம் அதிகம். வயது 35-லிருந்து 49-க்குள்: 20. தாய், தந்தை இருவருக்கும் சர்க்கரை: 20. ஆணுக்கு இடுப்பு 90-க்கும் 99-க்கும் நடுவில்: 10. உட்கார்ந்த வேலை, உடற்பயிற்சி இல்லை: 30. கூட்டினால் 80. நீங்கள் ஆண் என்று எடுத்துக்கொண்டு போட்டிருக்கிறேன். பெண்ணானால் 94 செ.மீ.க்கு 20 போட வேண்டும், மொத்தம் 90. ஆணாக இருந்தால் இந்த 80-ல் வயதும் பெற்றோருமாக 40 புள்ளி உங்கள் கையில் இல்லை. இன்னொரு 40 இருக்கிறது. எச்சிலே வேண்டாம், ஒரு தையல் டேப் போதும்.

எச்சிலை அனுப்பிப் பார்க்கிற மரபணு டெஸ்ட்களில் இன்னொரு சங்கடமும் உண்டு. பல நூறு மாறுபாடுகளைக் கூட்டி ‘உங்கள் மதிப்பெண் இவ்வளவு’ என்று தருகிறவை பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்துக் கட்டப்பட்டவை. உயரத்தைப் பற்றி 2022-ல் 54 லட்சம் பேரை வைத்து வந்த ஆய்வு 12,111 மாறுபாடுகளைக் கண்டது. அவற்றைக் கூட்டினால் ஐரோப்பியரிடையே காணும் உயர வித்தியாசத்தில் 40 சதவீதத்தை விளக்க முடிந்தது. மற்ற மக்களிடம் 10 முதல் 20 சதவீதம்தான். டேப் வைத்து அளந்துவிடக்கூடிய உயரத்துக்கே இந்தக் கதி. நம் உடம்பு வேறு தனி ரகம். புனேயின் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனின் டாக்டர் யுட்கினும் 2004-ல் ஒன்றாக நின்று எடுத்த போட்டோ மருத்துவ உலகில் பிரபலம். உயரத்துக்கு எடை சரியா என்று காட்டுகிற பி.எம்.ஐ. இருவருக்கும் அதே 22.3. உடம்புக் கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ‘நான் ஒல்லிதானே டாக்டர்’ என்று சொல்கிறவர்களின் வயிற்றில் நாங்கள் டேப் சுற்றுவது இதனால்தான்.

மகளுக்கு எடுக்க வேண்டாம். பெரியவரான பிறகு வரக்கூடிய ஒரு வியாதிக்குப் பத்து வயதில் ஒரு சீட்டை ஒட்டி, ‘நீ சுகர் பிள்ளை’ என்று வளர்ப்பதில் என்ன லாபம்? அவளுக்குச் செய்ய வேண்டியது, ரிப்போர்ட் எப்படி வந்தாலும், ஒன்றேதான்: சாயங்காலம் ஓடி விளையாட விடுவது, பாட்டில் ஜூஸை வீட்டுக்குள் விடாமல் இருப்பது. ஒன்று மட்டும் கவனியுங்கள். பின்கழுத்தில் வெல்வெட் மாதிரி தடித்த கருமை படர்ந்தால், அழுக்கு என்று கடலை மாவு போட்டுத் தேய்க்காதீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். குழந்தைகள் டாக்டரிடம் காட்டுங்கள்.

மரபணு டெஸ்ட் எதற்குமே உதவாது என்று சொல்லிவிட்டால் அது அநியாயம். ஒரே ஒரு மரபணு கெட்டு வருகிற சர்க்கரை வகைகள் உண்டு, அங்கே பயில்வான் ஒருவரே தேரை இழுத்துவிடுவார். பிறந்த ஆறு மாதத்துக்குள் குழந்தைக்குச் சர்க்கரை வந்தால் கட்டாயம் மரபணு பார்க்க வேண்டும். சிலருக்கு இன்சுலின் ஊசியை நிறுத்தி மாத்திரையிலேயே சமாளித்துவிடலாம். ‘மோடி’ என்று நாங்கள் சுருக்கிச் சொல்கிற வகையும் (அரசியல் இல்லை) இப்படித்தான். தாத்தா, அப்பா, பிள்ளை என்று வரிசையாக, 25 வயதுக்குள்ளேயே, குண்டு இல்லாதவர்களுக்கு வருவது. இதில் ஒரு வகைக்குக் குறைந்த அளவு மாத்திரையே நன்றாகக் கேட்கும், இன்னொரு வகைக்குப் பெரும்பாலும் மருந்தே வேண்டாம். உங்கள் குடும்பத்தில் 46, 53, 41 என்று வந்திருப்பதைப் பார்த்தால் இது அந்தக் கதை போலத் தெரியவில்லை.

ஆகவே, இந்த வாரம் ஒரு நாள் லேபுக்குப் போங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று, கூடவே மூன்று மாத சராசரி காட்டும் எச்பிஏ1சி. வெறும் வயிற்றில் 100-லிருந்து 125, குளுக்கோஸுக்குப் பிறகு 140-லிருந்து 199, எச்பிஏ1சி 5.7-லிருந்து 6.4 என்றால் விளிம்பில் நிற்கிறீர்கள். சென்னை ஆய்வில் இருந்தவர்கள் நின்ற இடம் அதுதான். அதற்கு மேல் போனால் டாக்டரைப் பாருங்கள். கீழே இருந்தால் நிம்மதியாக வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் பாருங்கள். ரத்தசோகை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், எச்பிஏ1சி ஏமாற்றும். முதல் நாள் இரவு எட்டு, ஒன்பது மணிக்குச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளுங்கள். காலையில் தண்ணீர் குடிக்கலாம். ‘அரை டம்ளர் காபிதானே’ என்று குடித்துவிட்டுப் போகாதீர்கள்.