ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960): ஷாட் வைத்த விதம் – கேள்வி பதில்

(படத்தின் திருப்பங்கள் பேசப்படுகின்றன. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டுப் படியுங்கள்.)

கேள்வி: நாயகி மேரியன் அலுவலகப் பணத்தோடு ஓடப்போகிறாள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனாலும் நமக்குப் புரிந்துவிடுகிறதே?

பதில்: அவள் உடை மாற்றிக்கொண்டிருக்கும்போதே கேமரா அவளை விட்டுவிட்டுக் கட்டிலில் கிடக்கும் கவரை நெருங்குகிறது. உள்ளே 40,000 டாலர். அங்கிருந்து அப்படியே திரும்பிப் பெட்டியைக் காட்டுகிறது. வெட்டி வெட்டிக் காட்டியிருந்தால் இரண்டும் தனித்தனித் தகவலாக நின்றிருக்கும். கேமரா ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்வதால் முடிச்சை நாமே போடுகிறோம். போட்டவுடன் நாமும் உடந்தை. தொடக்கக் காட்சியில் வெள்ளையாக இருந்த உள்ளாடை இங்கே கறுப்பு, அதையும் கவனியுங்கள்.

கேள்வி: மோட்டலின் பார்லர் (வரவேற்பறை) காட்சியில் மேரியனும் மோட்டலை நடத்தும் நார்மனும் உட்கார்ந்து பேசுகிறார்கள், அவ்வளவுதான். எதனால் பயம் வருகிறது?

பதில்: வெளிச்சமும் கேமரா உயரமும். மேரியன் பக்கத்தில் விளக்கு, முகத்தில் சீரான ஒளி. நார்மனுக்கோ பாதி முகம் இருட்டில். அவனைக் கீழிருந்து பார்க்கும் ஷாட்டில், சிறகு விரித்த பாடம் செய்த ஆந்தை அவன் தலைக்கு மேல் வந்து நிற்கிறது. அவன் அம்மாவை ஏதாவது மனநல விடுதியில் சேர்க்கலாமே என்று அவள் சொன்னதும் அவன் முன்னால் சாய்கிறான், ஃப்ரேம் இறுகுகிறது. அதுவரை இருந்த இடைவெளி போனதால்தான் மூச்சு முட்டுகிறது. முதல் வரியிலேயே க்ளோசப் போயிருந்தால் இறுக்குவதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது.

கேள்வி: மேரியனைத் தேடிவரும் துப்பறிவாளர் அர்போகாஸ்ட் நார்மன் வீட்டு மாடிப்படி ஏறும்போது கேமரா ஏன் திடீரென்று உச்சிக்குப் போகிறது?

பதில்: அங்கே அவரைத் தாக்கும் 'அம்மா'வின் முகத்தை மறைத்தாக வேண்டும். முதுகுப் பக்கமாகவே காட்டினால், 'ஏன் முகத்தைக் காட்ட மறுக்கிறார்கள்' என்று பார்ப்பவருக்குத் தட்டும். கூரையோரத்திலிருந்து பார்த்தால் யாருக்குமே உச்சந்தலைதான் தெரியும், மறைத்ததே தெரியாது.

இன்னொரு காரணம் அளவு. மேலிருந்து இரண்டும் பொடி உருவங்கள். அடுத்த ஷாட்டில் அர்போகாஸ்ட்டின் முகம் திரை நிறைய. அந்தத் தாவல்தான் அடி. தன்னைப் பேட்டி கண்ட பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் ஹிட்ச்காக்கே இதைச் சொல்லியிருக்கிறார்: உயர ஷாட் வயலின், பெரிய தலை பித்தளை வாத்தியம்.

இதைப் பின்பற்றுபவர்கள், ஓட்டம் இதமாக இருக்கட்டும் என்று நடுவில் ஒரு மிட் ஷாட்டை (இடுப்புக்கு மேல் காட்டுவது) செருகிவிடுவார்கள். தாவல் செத்துவிடும். பிற்பாடு நார்மன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு இறங்கும் இடத்தில் வெட்டே இல்லை. உள்ளே வாக்குவாதம் கேட்க, கேமரா படியேறி மெல்ல உச்சிக்குப் போய் நிற்கிறது. பேச்சில் காது இருப்பதால் கேமரா எங்கே போகிறது என்று நாம் கேட்பதில்லை. எனக்கு இதுதான் படத்தின் மிகத் தேர்ந்த ஷாட்.

கேள்வி: எல்லா ஃப்ரேமிலும் அர்த்தம் தேடணுமா?

பதில்: வேண்டாம். 'இந்த ஷாட்டில் யாருக்கு என்ன தெரியும், யாருக்குத் தெரியாது' என்று மட்டும் கேளுங்கள்.

கேள்வி: குறும்படத்துக்கு என்ன லென்ஸ்?

பதில்: இந்தப் படத்தின் பெரும்பகுதி 50 எம்எம். உங்கள் கேமராவின் சென்சார் ஏபிஎஸ்-சி (சினிமா ஃபிலிம் ஃப்ரேமுக்கு ஏறத்தாழச் சமம்) என்றால் அதே 50, அதைவிடப் பெரிய ஃபுல் ஃப்ரேம் என்றால் 75-க்குப் பக்கத்தில். போனில் மெயின் லென்ஸ் வைடு (அகலக் கோணம்). அதை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் மூக்கு பெருத்துவிடும். 2எக்ஸ் ஜூம் வைத்து இரண்டடி பின்னால் வாருங்கள்.