கரவனுக்கு சேர்ஜ் புரொடெக்டர் மட்டும் போதுமா?

அறுகம்பேயில் கெஸ்ட் ஹவுஸிலிருந்து வயர் இழுத்து, வீடுபோல் தங்கும் வண்டியான கரவனுக்குக் கரண்ட் எடுக்கிறீர்கள். சேர்ஜ் புரொடெக்டர் இருந்தும் பிரிட்ஜ் ஏன் பழுதானது என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்ஜ் புரொடெக்டர் திடீரென எகிறும் வோல்டேஜை மட்டுமே தடுக்கும், குறைந்த வோல்டேஜை அப்படியே உள்ளே விட்டுவிடும். இங்கே வரவேண்டியது 230 வோல்ட். இரவில் சுற்றிலும் ஏசி ஓடும்போது, நீளமான மெல்லிய வயரின் முனையில் அது நன்றாக இறங்கிவிடும். பிரிட்ஜின் கம்ப்ரசர் கிளம்ப முடியாமல் உறுமி, சூடாகி, கடைசியில் அதன் மோட்டார் சுருள் கருகும்.

வோல்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் துண்டித்து, சீரானபின் சில நிமிடம் பொறுத்து இணைக்கும் கருவியைத்தான் நீங்கள் வாங்கியிருக்க வேண்டும். வயரும் தடிப்பாக இருக்கட்டும். சுருட்டி வைத்தபடி பாவித்தால் சூடேறும். ஏர்த் இல்லாத பிளக் பொயின்ட் என்றால் வேறு இடம் பாருங்கள், கரவனின் உடம்பே தகரம், கரண்ட் கசிந்தால் தொடுபவருக்கு ஷாக் அடிக்கும். அப்புறம், தூரத்தில் இடி கேட்கும்போதே பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.